உலைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி மேலாளர் கேட்டார். நல்ல வார்த்தை எழுத எனக்கு வராது. முப்பத்தோரு வருடம் உடைந்த சாமான்களைப் பார்த்தே பிழைத்தவள் நான். உடைந்த போல்ட்டு, உடைந்த கொக்கி, உடைந்த குழாய் என்று கொண்டுவந்து மேசையில் போடுவார்கள். ஏன் உடைந்தது என்று நான் எழுதிக் கொடுப்பேன். ஆகவே நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் முழுதாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. உலைமேல் டிஷ்யூ பாக்கெட் வைக்காதீர்கள். தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடப் போகும்போது மேசைமேல் பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துக்கொள்ளுங்கள், அது நம் ஊர்ப் பழக்கம், யாரும் அந்த நாற்காலியைத் தொடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை நம் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யார் என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. உலோகத்தைச் சூடாக்கும் உலையோ, இழுத்து முறித்துப் பார்க்கும் இழுவைப் பொறியோ உங்களுக்கு வேண்டுமென்றால், பாக்கெட்டில் பெயரை எழுதி அதன்மேல் வைத்துவிட்டால் போதும். பெயருக்குரியவர் வந்து எடுக்கும்வரை அந்தப் பொறியை யாரும் நெருங்கமாட்டார்கள். நானும் அப்படித்தான் வைத்தேன்.

அதைச் சொல்வதற்குமுன் என் முதல் மேலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். சீனர், கண்டிப்பானவர், தன் பெயர் எங்கேயும் வருவதை விரும்பாதவர். அதனால் பெயர் வேண்டாம். நான் சேர்ந்த முதல் மாதம், பாரந்தூக்கியின் கொக்கி ஒன்று இரண்டு துண்டாக வந்தது. இரண்டு துண்டும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆசையில், முறிந்த முகங்களை ஒன்றோடொன்று வைத்து அழுத்திப் பார்த்துவிட்டேன். முறிவுப் பரப்பில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய நுணுக்கமான தடங்கள் பாதி அங்கேயே நசுங்கிப் போயின. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது.

அவர் திட்டவில்லை. அறிக்கையின் முதல் பத்தியை எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தார். ‘இந்த முறிவுப் பரப்பின் ஒரு பகுதி எங்கள் ஊழியரின் தவறால் சிதைந்துவிட்டது. அந்தப் பகுதியைக் கொண்டு நாங்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை’ என்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைக் கடைசியில் ஒரு குறிப்பாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“முதல் பாராவை எல்லாரும் படிப்பாங்க. கடைசிப் பக்கத்தை எழுதினவங்க மட்டும்தான் படிப்பாங்க” என்றார் ஆங்கிலத்தில். அவ்வளவுதான். பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நான் பட்டினி.

இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பத்தி எனக்குத் தேவைப்பட்டது.

அலுமினியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் இதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருப்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் அதிகம் பார்க்கும் கலவையில் மக்னீசியமும் சிலிக்கானும் கரைந்திருக்கும். அதை மிதமான சூட்டில் வைத்தால், கரைந்திருப்பவை மெல்லப் பிரிந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரளும். அவைதான் வீழ்படிவுகள். பொடியாக, உள்ளெங்கும் பரவலாக இருந்தால் உலோகத்துக்குப் பலம். அளவு மீறிச் சூட்டில் வைத்தால் அவை பருத்து, உலோகத்தை ஆக்கியிருக்கும் சின்னப் படிக மணிகளின் எல்லைகளில் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் முறிவுக்குப் போக ஒரு பாதை தயாராகிவிடும். சாதாரணக் கம்பியை எட்டு மணி நேரம் சூட்டில் வைப்போம். நம் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை அதைத்தான் சொல்கிறது.

அப்போது ஒரு சின்ன நிறுவனம் எங்களிடம் வந்தது. நாலைந்து பேர், எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். அலுமினியக் கம்பியை வளைந்த அச்சுக்குள் திணித்து அழுத்தி வெளியே எடுத்து, மறுபடி திணித்து, மறுபடி அழுத்தி, உள்ளே இருக்கும் மணிகளையெல்லாம் நொறுக்கிப் பொடியாக்கிவிடுவார்கள். அப்படி உருக்குலைத்த கம்பியில் செய்த போல்ட்டு எடை குறைவு, பலம் அதிகம். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரைத் துடைக்கத் தொங்கவிடும் மேடைகளுக்கு அந்த போல்ட்டுகள் போயின. அவர்களிடம் உலை இல்லை. கடைசிச் சூடாக்கலும் கடினத்தன்மைச் சோதனையும் எங்கள் வேலை.

அவர்கள் கொடுத்த குறிப்பில் ‘ஒரு மணி நேரம்’ என்று இருந்தது. எட்டு அல்ல, ஒன்று. காரணம் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அவ்வளவு நொறுங்கிய உலோகத்துக்குள் துகள்கள் பிறக்க இடம் ஏராளம். சாதாரணக் கம்பியில் எட்டு மணி நேரத்தில் நடப்பது இதில் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். முந்தைய இரண்டு தொகுதிகளை நானே ஒரு மணி நேரத்தில் எடுத்தேன்.

மூன்றாவது தொகுதியைக் காலை பத்து மணிக்கு உலைக்குள் வைத்தேன். நேரமானால் தானாக அணைக்கும் சாதனம் அந்த உலையில் பழுதாகிக் கிடந்தது. என் பெயர் எழுதிய டிஷ்யூ பாக்கெட்டை மேலே வைத்தேன். பத்தரைக்கு ஒரு கப்பல் பட்டறையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு குழாய் வெடித்திருந்தது. ஓடினேன். உலை நினைவு சுத்தமாகப் போய்விட்டது. திரும்பி வந்தபோது மாலை ஐந்து.

எங்கள் தொழில்நுட்பர் தங்கராஜ் உலைக்குப் பக்கத்து மேசையில் அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது சிறியவர், இருபது வருடமாக என்னோடு வேலை பார்த்தவர்.

“ஏன் தங்கராஜ், எடுத்திருக்கலாம்ல?” என்றேன்.

“உங்க டிஷ்யூ இருந்துச்சு அக்கா. நான் எப்படித் தொடறது? நீங்க ஏதோ புதுசா டெஸ்ட் பண்றீங்கன்னு நெனச்சேன் லா” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தின மாதம்தான் வேறொருவருடைய பாக்கெட்டை நகர்த்தியதற்காக அவரை நானே கடிந்துகொண்டிருந்தேன்.

போல்ட்டுகளை ஆறவைத்துக் கடினத்தன்மையைப் பார்த்தேன். கேட்ட அளவுக்குள் கச்சிதமாக இருந்தது. முந்தைய தொகுதியின் எண்ணுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏழு மணி நேரம்தானே, சாதாரணக் கம்பிக்கு எட்டு வைக்கிறோமே, எண்ணும் சரியாக இருக்கிறதே என்று மனம் சமாதானம் சொன்னது. இருபத்தைந்து வருடம் அந்த அட்டவணையைப் பார்த்துப் பழகிய கண், ஏழைக் கண்டு பயப்படவில்லை. படிவத்தில் வெப்பநிலைக்குக் கட்டம் இருந்தது, கடினத்தன்மைக்குக் கட்டம் இருந்தது, நேரத்துக்குக் கட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

இங்கேதான் நில்லுங்கள் என்கிறேன். உங்கள் அடுக்குமாடி லிஃப்ட்டின் வெளியே ‘7’ என்று விளக்கு எரிகிறது. அது மேலே போகிற ஏழா, கீழே வருகிற ஏழா என்று அந்த எண் மட்டும் சொல்லாது. கடினத்தன்மையும் அப்படித்தான். சூட்டில் வைக்க வைக்க ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். கேட்ட எண்ணை அது இரண்டு முறை தாண்டிப் போகும். முதல் முறை எடுத்தால் நல்ல போல்ட்டு. இரண்டாம் முறை எடுத்தால், எண் அதேதான், ஆனால் உள்ளே துகள்கள் பருத்து எல்லைகளில் உட்கார்ந்துவிட்டன. நான் இரண்டாம் ஏழில் எடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதில் ஒரு போல்ட்டு முறிந்தது. மேடையை ஆள் ஏறுவதற்குமுன் எடை வைத்துச் சோதிப்பார்கள்; தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் மணல் மூட்டைகளோடு தொங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் பட்டென்று இறங்கியது. பக்கத்தில் நின்ற வங்காளதேசத் தொழிலாளி ஒருவரின் கணுக்கால் முறிந்தது. உயிர் போகவில்லை. ஆனால் அது வெறும் அதிர்ஷ்டம். அடுத்த நாள் அந்த மேடை இருபத்திரண்டாம் மாடியில் தொங்கியிருக்கும்.

முறிந்த போல்ட்டு எங்களிடமே வந்தது. கூடவே மேடை நிறுவனத்தின் குறிப்பும் வந்தது. போல்ட்டைப் பொருத்தியவர் செல்வம் என்ற தொழிலாளி, அளவுக்கு மீறி முடுக்கி போல்ட்டை இழுத்துவிட்டார் என்று நம்புகிறோம், உறுதிப்படுத்தவும். அதாவது, பதிலை எழுதிவிட்டார்கள், எங்கள் முத்திரைதான் பாக்கி. இளைத்தவன் தலையில் கட்டினால் எல்லாருக்கும் சௌகரியம். போல்ட்டு செய்தவர்களுக்கும், மேடைக்காரர்களுக்கும், எங்களுக்கும்.

மேசை விளக்கின் கீழே போல்ட்டைத் திருப்பித் தொகுதி எண்ணைப் பார்த்தேன். மூன்று. உண்மையைச் சொல்கிறேன், அன்று முழுவதும் வேறு காரணம் ஏதாவது கிடைக்காதா என்றுதான் தேடினேன். அரிப்பு இருக்கிறதா, பழைய விரிசல் இருக்கிறதா, மரைவெட்டில் கோளாறா. ஒன்றும் இல்லை. போல்ட்டு சுத்தமாக இருந்தது.

தங்கராஜ் ஒரு புது நட்டை எடுத்துக்கொண்டு வந்தார். போல்ட்டின் நுனிப்பக்கத் துண்டைப் பிடித்து, நுனி மரையில் நட்டை வைத்து, இரண்டு விரலால் சுற்றினார். அது வழுக்கிக்கொண்டே போய் முறிவுக்கு ஒரு மரை முன்னால் நின்றது. அளவு மீறி முடுக்கிய போல்ட்டு நீண்டுவிடும், மரைகளின் இடைவெளி கலைந்துவிடும், புது நட்டு பாதி வழியிலேயே இறுகி நிற்கும். இதுவோ செய்து எடுத்த நாளில் இருந்தது போலவே இருந்தது.

“செல்வம் இதை இழுக்கல அக்கா” என்றார்.

“தெரியுது.”

“மூணாவது பேட்ச்.”

“அதுவும் தெரியுது.”

அவர் நட்டைக் கழற்றி இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். டிஷ்யூ பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உடனே ஒன்று செய்தேன். அதே தொகுதி போல்ட்டுகள் இருக்கும் மேடைகளை எங்கள் அறிக்கை வரும்வரை ஏற்றவேண்டாம் என்று மேடை நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். மேலாளரிடம் கேட்கவில்லை. கேட்டால் ‘முதலில் நிரூபித்துவிட்டு எழுது’ என்பார், அதற்குள் யாராவது ஏறிவிடுவார்கள். காரணம் தெரிவதற்குமுன் ஆளை இறக்குங்கள். இதில் யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள்.

பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். நல்ல அலுமினியம் முறிந்தால் பரப்பு முழுக்க ஆழமான குழிகளாக இருக்கும். முறிவதற்குமுன் அது இழுத்துப் பிடித்துப் போராடியதற்கு அடையாளம். இதில் குழிகள் பொடியாக, ஆழமே இல்லாமல், மணிகளின் எல்லைகளை ஒட்டியே போயின. பல குழிகளின் அடியில் ஒரு துகள் உட்கார்ந்திருந்தது. போராட்டம் எதுவும் நடக்கவில்லை. திறந்திருந்த வழியில் விரிசல் நடந்து போயிருக்கிறது.

செல்வத்தோடு பேசவேண்டும் என்று மேடை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டேன். அவன் என்ன புதிதாகச் சொல்லப்போகிறான் என்று சலித்துக்கொண்டே தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். செல்வம் கிராஞ்சியில் ஒரு தொழிலாளர் விடுதியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வருவேன் என்றார். என் வீடு ஜாலான் புசாரில், நட்டு போல்ட்டு விற்கும் கடைகளுக்குப் பின்னால்தான். நடந்து போனேன்.

முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார், நேர்முகத் தேர்வுக்கு வருவதுபோல. வேண்டாம் என்று சொல்வதற்குள் இரண்டு டீ வாங்கி வந்துவிட்டார். சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பக்கத்து மேசையில் யாரோ ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எப்படி முடுக்குனீங்கன்னு சொல்லுங்க” என்றேன்.

“டார்க் ரெஞ்சுலதான் மேடம். எவ்வளவு முடுக்கணுமோ அந்த நம்பரை வச்சுட்டு ஒரே சீரா இழுப்பேன். கிளிக்குன்னு கேட்கும். கேட்டதும் கையை எடுத்துருவேன். அதுக்கு மேல ஒரு முடி அளவுகூடப் போகமாட்டேன்.”

“சத்தமான எடத்துல கேட்காம போயிருக்கலாம்ல?”

“காதுல கேட்காட்டியும் கையில தெரியும் மேடம். பதினோரு வருஷமா இதுதான வேலை.” டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். “மாசக் கடைசியில வேலை பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி அனுப்புறாங்களாம். போறதுகூடப் பரவால்ல. ஆளைக் காயப்படுத்தினவன்னு எழுதிட்டா, அப்புறம் எந்த யார்டுலயும் என்னைச் சேர்க்கமாட்டாங்க. அந்தத் தம்பி கால் ஒடிஞ்சு கெடக்குறான். நான்தான் ஒடிச்சேன்னு அவனும் நெனைக்கிறான் மேடம்.”

நான் அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஆய்வு முடியாமல் பேசக்கூடாது என்பது விதி. அந்த விதி அன்று எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். ஜாலான் புசார் வரை நடந்த அந்தக் கால் மணி நேரம் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். என்ன ஆனாலும் இந்த மனிதர் என் தப்புக்காக விமானம் ஏறக்கூடாது.

திங்கட்கிழமை அப்போதைய மேலாளரின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டவர் அல்ல. எழுந்து கதவைச் சாத்தினார்.

“படிவத்தில் நேரம் கேட்கவில்லை. கடினத்தன்மை கேட்ட அளவில் இருக்கிறது. நாம் ஒப்புக்கொண்டதைச் செய்தோம். ‘காரணம் உறுதிசெய்ய முடியவில்லை’ என்று எழுதினால் அந்த ஆளும் தப்பித்துக்கொள்வார், நாமும் தப்பித்துக்கொள்வோம்” என்றார்.

நல்ல ஏற்பாடு மாதிரிதான் தெரியும். உங்களுக்கும் ஒரு நாள் யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஆனால் ‘உறுதிசெய்ய முடியவில்லை’ என்றால் சந்தேகம் செல்வத்தின் மேலேயே தங்கும். மீதி போல்ட்டுகள் திரும்ப மாடி ஏறும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சாப்பிட உட்காருகிறவன் கையில் அது தட்டுப்படத்தான் செய்யும். முடியாது என்றேன். அப்படியானால் நிரூபித்துக் காட்டு, எல்லாரையும் வைத்துக்கொண்டு காட்டு என்றார். அதைத்தான் நானும் கேட்க வந்திருந்தேன்.

தங்கராஜிடம் போனேன். “அறிக்கையில எல்லாத்தையும் எழுதப்போறேன். அன்னைக்கு நீங்க இருந்ததும் வரும். பரவால்லயா?”

“என் பேரு எதுக்கு லா? டிஷ்யூ உங்களோடது” என்றார். பிறகு, “எழுதுங்க அக்கா. நானும் கேட்டிருக்கணும். பாக்கெட்டைப் பார்த்தேன், கடிகாரத்தையும் பார்த்தேன், கேட்கல” என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு போல்ட்டுகளை முத்திரையிட்ட பையில் எடுத்து வைப்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் யார் என்று தெரிந்தால் காலில் விழலாம். இரண்டாம் தொகுதிப் பையையும் மூன்றாம் தொகுதிப் பையையும் எல்லார் முன்னாலும் பிரித்தோம். மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, போல்ட்டு செய்த நிறுவனத்திலிருந்து ஒருவர், செல்வம். செல்வம் வரவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதே இஸ்திரி போட்ட சட்டை.

முதலில் இரண்டு தொகுதியின் கடினத்தன்மையையும் அளந்து காட்டினேன். இரண்டும் ஒன்றுதான் என்றார் பாதுகாப்பு அதிகாரி. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு டார்க் ரெஞ்சைச் செல்வத்திடம் கொடுத்தேன். மேடையில் முடுக்கிய அதே அளவு.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். சோதனைச் சட்டத்தில் முதலில் இரண்டாம் தொகுதி போல்ட்டு ஒன்றை வைத்து இழுத்தார். கிளிக். கையை எடுத்துவிட்டார். அடுத்து மூன்றாம் தொகுதி போல்ட்டு. கிளிக். கையை எடுத்துவிட்டார். சத்தமே இல்லாத அறையில் எல்லாரும் அதைக் கேட்டோம். எதுவும் முறியவில்லை. பாதுகாப்பு அதிகாரி, “அப்போ போல்ட்டு நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

இதற்குத்தான் காத்திருந்தேன். மேடையில் போல்ட்டு பிடித்திருக்கும் தாங்கிச் சட்டம் ஒருபோதும் தட்டையாக உட்காராது. மயிரிழை சாய்ந்துதான் உட்காரும். நல்ல போல்ட்டு அதற்கு ஏற்றபடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால் போல்ட்டின் தலைக்கு அடியில் ஒரு சின்ன ஆப்பை வைத்து, சாய்த்து, இழுவைப் பொறியில் பூட்டினோம். செல்வத்தை நாலடி தள்ளி நிற்கச் சொன்னேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இரண்டாம் தொகுதி போல்ட்டு ஆப்பின் மேல் மெல்ல வளைந்தது, நீண்டது, மேடையின் சோதனை எடையைத் தாண்டியும் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்த பிறகுதான் முறிந்தது. மூன்றாம் தொகுதியைப் பூட்டினோம். பொறி இழுக்கத் தொடங்கியது. வரைகோடு திரையில் ஏறியது, இன்னும் பாதி வழி இருந்தது, சுண்டல் மடிக்கிற காகிதம் கிழிவது மாதிரிகூட ஒரு முன்னறிவிப்பு இல்லை. டப். போல்ட்டு வளையாமல், நீளாமல், தட்டையாக இரண்டு துண்டாகக் கிடந்தது. மற்ற மூன்றையும் இழுத்தோம். மூன்றும் அப்படியே.

செல்வம் பின்னால் கட்டிய கைகளை இன்னும் எடுக்கவில்லை.

“மேடம், அப்போ இது என் தப்பு இல்லையா?” என்றார்.

“இல்ல. என் தப்பு” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி, எல்லாரும் கேட்கும்படி, தமிழில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொன்னேன். ஒரு மணி நேரம் வைக்கவேண்டியதை ஏழு மணி நேரம் வைத்தேன். எண் சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டேன். செல்வம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. “அந்தத் தம்பிகிட்ட இதை நீங்களே சொல்லிருங்க மேடம்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னேன். கட்டுப் போட்ட காலோடு படுத்திருக்கும் ஒருவரிடம் வீழ்படிவுகளைப் பற்றி விளக்க முடியாது. போல்ட்டு கெட்டது, கெடுத்தது நான், செல்வம் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மன்னித்துவிட்டார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். செல்வத்துக்கு உடனே போன் போட்டார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அறிக்கையை அன்று பிற்பகலே எழுதினேன். முறிவுப் பரப்பு, துகள்கள், ஆப்புச் சோதனை எல்லாம் பின்னால் வந்தன. முதல் பத்தி மூன்று வரி. ‘இந்த போல்ட்டுகள் எங்கள் உலையில் ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஏழு மணி நேரம் வைக்கப்பட்டன. தவறு கீழே கையெழுத்திட்டிருக்கும் என்னுடையது. பொருத்தியவரின் வேலையில் எந்தக் குறையும் இல்லை.’ மூன்றாவது வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். எங்கள் அறிக்கைகளில் தடித்த எழுத்து கூடாது என்பது விதி. மேலாளர் பார்த்தார், மாற்றச் சொல்லவில்லை.

மீதி போல்ட்டுகள் அனைத்தும் திரும்பி வந்தன. ஒரு வருடம் என் கையெழுத்துச் செல்லாது என்றார்கள், நியாயம்தான். அந்த ஒரு வருடமும் நான் எழுதிய ஒவ்வொன்றையும் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர் சரிபார்த்தார், கொஞ்சம் ரசித்தே சரிபார்த்தார். செல்வத்தின் பெர்மிட் ரத்தாகவில்லை. அதே நிறுவனத்தில் இப்போது முடுக்குவோருக்கு மேற்பார்வையாளர். போன மாதம்கூட டார்க் ரெஞ்சு ஒன்றைச் சரிபார்க்க நம் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தார் என்று தங்கராஜ் சொன்னார்.

இனி உங்களுக்கு. உலைப் படிவத்தில் ‘வைத்த நேரம்’, ‘எடுத்த நேரம்’ என்று இரண்டு கட்டம் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு கையெழுத்துக் கேட்கும், ஒன்று வைத்தவருடையது, இன்னொன்று பக்கத்தில் இருந்தவருடையது. ஆப்புச் சோதனைக்கும் ஒரு கட்டம். இவ்வளவு கட்டம் எதற்கு, யாரோ வேலையற்றவர் சேர்த்திருக்கிறார் என்று நீங்கள் முணுமுணுப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கட்டங்களை வரைந்தவள் நான். தப்பாக எழுதிவிட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறுமையாக விடாதீர்கள். அந்தக் கட்டமே இல்லாத காலத்தில், ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, என் தப்பைத் தன் தலையில் சுமந்துகொண்டு எனக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.